தாழ்ப்பாள் சத்தம்

அந்தத் துணிப்பொம்மை மூன்றரைக் கிலோ இருக்கும். நர்ஸே தைத்து, தலையிலும் வயிற்றிலும் மணல் அடைத்துக் கொண்டுவந்தது. கழுத்துக்கு அடியில் கை கொடுக்காமல் தூக்கினால் தலை பின்னால் தொங்கிவிடும். முதல் நாள் எட்டுப் பேர் தூக்கினார்கள். எட்டுப் பேர் கையிலும் தொங்கியது.

“எட்டுப் புள்ளைக்கும் கழுத்து போச்சு,” என்றார் நர்ஸ். “நல்லவேளை, மணல்.”

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிற ஆண் நர்ஸ் அவர். பருத்த உடம்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வாரத்தில் தனக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் சிறைக்கு வந்து, சின்ன வயதிலேயே அப்பாவாகிவிட்ட கைதிகளுக்கு வகுப்பு எடுத்தார். பிள்ளையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பது, அடம் பிடித்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது. பாடம் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். எந்தச் சாமியை நினைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடினால் அந்த அறையில் இருமல்கூட அடங்கிவிடும்.

மொத்தம் பத்து வாரம். பத்து வாரமும் தவறாமல் வந்து, நடத்தைப் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட வாங்காதவனுக்கு ஒரு மணி நேரச் சந்திப்பு கிடைக்கும். நடுவில் கண்ணாடி இல்லாமல், ஒரே அறையில், தன் பிள்ளையோடு. அது நல்லபடியாக நடந்தால் அதன்பின் மாதம் ஒன்று.

முதல் நாள் வார்டர் கதவைத் திறந்து நர்ஸை உள்ளே விட்டபோது, அவர் பார்த்தது எட்டு முதுகுகளைத்தான். எட்டுப் பேரும் சுவரைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டி நின்றார்கள்.

“என்னப்பா, நான் வந்தது யாருக்கும் பிடிக்கலையா?”

வார்டர்தான் விளக்கினார். உள்ளே அதுதான் சட்டம். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, கையைப் பின்னால் கட்ட வேண்டும். வார்டர் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் திரும்பலாம். வாயில் ரொட்டி இருந்தாலும் அப்படித்தான். அதற்கு முன் திரும்பினால் ஒரு கறுப்புப் புள்ளி.

இதில் மற்றவர்களைவிட வேகம் இஸ்திரிக்கு. சலவைக்கூடத்தில் நாளெல்லாம் துணி தேய்ப்பதால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வயது. வலது புறங்கையில் இஸ்திரிப்பெட்டியின் முனை பட்டு, ஒரு சிறு படகு மாதிரித் தழும்பு. அதுவும் தாழ்ப்பாள் சத்தத்தில் வந்ததுதான்: சூடான பெட்டியைச் சரியாக வைக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பினான், அது கையில் சரிந்தது. அப்போதும் ‘சரி’ வரும்வரை அவன் திரும்பவில்லை. மூன்று வருஷத்தில் அந்தச் சத்தம் அவன் காது வழியாகப் போவதை விட்டுவிட்டு நேரே முதுகெலும்புக்குப் போகப் பழகியிருந்தது.

பத்தொன்பது வயதில், லாரி நிறுத்தத்தில் நடந்த ஒரு வாய்த்தகராறில் இரும்புக்கம்பியை எடுத்து ஒருவனை அடித்தான். அந்த மனிதருக்கு ஒரு கண் போய்விட்டது. போன கண் போனதுதான். இஸ்திரி அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டதில்லை. அவன் உள்ளே வந்த நான்காம் மாதம் வெளியே பாப்பா பிறந்தாள். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

நான்காவது வகுப்பு முடிந்த மறுநாள், சுவரில் மாட்டிய தொலைபேசியில் மனைவி சொன்னாள்:

“அக்கா வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்திருக்கு.”

“எங்க?”

“தூரம். ரயில்ல ஒண்ணரை நாள். என்னையும் பாப்பாவையும் கூடவே வரச் சொல்றாங்க. அங்க ஒரு பேக்கரில எனக்கு வேலைகூடப் பேசி வச்சிருக்காங்க.”

அவன் வயரைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசையில் நின்றவன் தொண்டையைச் செருமினான்.

“பாப்பா என்னயக் கேக்குறாளா?”

“பொய் சொல்லட்டுமா, நெஜம் சொல்லட்டுமா?”

“நெஜம்.”

“அக்கா வீட்டுக்காரரத்தான் அப்பான்னு கூப்பிடுறா. அக்கா பசங்க கூப்பிடறதக் கேட்டு அவளும் கூப்பிடுறா. நான் திருத்தல. திருத்திட்டு யாரக் காட்டச் சொல்றே?”

“நான் வகுப்புக்குப் போறேன். ஒரு மணி நேரம் குடுப்பாங்க. கண்ணாடி இல்லாம.”



“போன தடவ நடந்தது ஞாபகம் இருக்கில்ல?”

எப்படி மறக்கும்? எட்டு மாதத்துக்கு முன், கண்ணாடிச் சந்திப்பு. பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. வார்டர் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தத்துக்கே அவள் மிரண்டு அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ‘பாப்பா, இங்க பாரு’ என்று இவன் கண்ணாடியைத் தட்டினான். பார்க்கவில்லை. ஓங்கித் தட்டினான். மூன்றாம் முறை தட்டியது குத்து. பிள்ளை வீறிட்டுக் கத்தி, அம்மா தோளிலேயே வாந்தி எடுத்தாள். இரண்டு வார்டர்கள் இவனைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

“ஒரு தடவ கூட்டிட்டு வரேன்,” என்றாள். “அன்னிக்கு மாதிரி கத்தினா அதோட சரி. நான் அக்காகூடப் போயிடுவேன். உன் மேல கோபம் இல்ல. அவளத் தரதரன்னு இழுத்துட்டு வர எனக்குத் தெம்பு இல்ல, அவ்வளவுதான்.”

ஆறாவது வகுப்பில் நர்ஸ் பொம்மையை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, “இன்னிக்கு நான்தான் மூணு வயசுப் புள்ள,” என்றார். சொன்னதோடு, அத்தனை பெரிய உடம்பைத் தரையில் சாய்த்து மல்லாந்தார். “எனக்கு அந்த பிஸ்கட் வேணூஊம்!” என்று காலை உதைத்தார். ஒரு செருப்பு பறந்துபோய் ஜன்னல் கம்பியில் பட்டது. எட்டுப் பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

“சிரிச்சது போதும். யாராவது வந்து அடக்குங்கடா.”

நெட்டை என்று பெயர்பெற்ற பையன் முதலில் போனான். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பன். இடுப்பில் கை வைத்து நின்று, “எந்திரி. எந்திரிக்கிறியா, தோல உரிக்கவா?” என்றான்.

சிரிப்பு நின்றது. நர்ஸ் உதைப்பதை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தார்.

“இது யாரு குரல்?”

நெட்டை தலையைச் சொறிந்தான். “எங்கப்பன் குரல்ண்ணே.”

“கேட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?”

“தோல உரிச்ச மாதிரிதான்.”

“சரி, அந்தக் குரல இங்கயே விட்டுட்டுப் போ. நான் கூட்டித் தள்ளிக்கிறேன்.”

அடுத்து இஸ்திரி போனான். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டியபடி நர்ஸை நோக்கி நடந்தான்.

“நில்லு, நில்லு. கீழேருந்து பாத்தா எப்படி இருக்கே தெரியுமா? ஒரு பீரோ நடந்து வர மாதிரி. பீரோ கைய நீட்டினா எந்தப் புள்ளைடா வரும்?” நர்ஸ் தரையைத் தட்டிக் காட்டினார். “உக்காரு. இன்னும் கீழ. கை ரெண்டும் முன்னால, உள்ளங்கை தெரியற மாதிரி. கூப்பிடாதே, பிடிக்காதே, கெஞ்சாதே. கேட்டா உண்மையச் சொல்லு, சின்னதாச் சொல்லு. அவளா வரட்டும்.”

“வரலன்னா?”

நர்ஸ் ஓரமாகக் கிடந்த பொம்மையை எடுத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வரலன்னா நீ உக்காந்திரு. அதுவும் அப்பா வேலைதான்.”

அன்றிலிருந்து சலவைக்கூடத்தில், ஆவி பறக்கிற துணிக்குவியல்களுக்கு நடுவே, இடைவேளை கிடைத்தபோதெல்லாம் இஸ்திரி தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பழகினான். எதிரே ஒரு தலையணை உறை மூட்டை. பார்த்தவர்கள் அவன் தியானம் செய்வதாக நினைத்தார்கள். ஒருவன் வேண்டுமென்றே அவன் உள்ளங்கையில் எச்சில் துப்பிவிட்டுப் போனான். இஸ்திரி எழுந்தே விட்டான். முஷ்டி மூடிவிட்டது. ஒரு கறுப்புப் புள்ளி கண்முன் வந்து நின்றது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். அன்று அவன் தேய்த்த சட்டைகளில் ஒரு சுருக்கம் இல்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

பத்தாவது வாரம் முடிந்ததும் வார்டரிடம் போய்க் கேட்டான். அந்த வார்டருக்குக் கைதிகள் வைத்த பெயர் சாவிக்கொத்து. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“சார், அன்னிக்குத் தாழ்ப்பாள்…”

“கதவு திறந்தேதான் இருக்கும். நான் வாசல்ல நிப்பேன். தாழ்ப்பாளே கிடையாது. போதுமா?”

“இன்னொண்ணு சார். உங்க சாவி… அந்தச் சத்தத்துக்குப் புள்ள பயப்படுவா.”

“சாவி இல்லாம நான் என்னடா வார்டர்? நாளைக்குத் தொப்பியக் கழட்டுன்னுவே, நாளன்னிக்கு வேலைய விட்டுப் போன்னுவே.” சாவிகள் கிலுங்க அவர் நடந்துவிட்டார்.

சந்திப்பு நாளில் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இஸ்திரி அந்த அறையில் பாயில் உட்கார்ந்திருந்தான். தானே தேய்த்த சட்டை. ஒரு குட்டை மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டப்பாவில் கலர் பென்சில்கள். சுவரில் கடிகாரம். பதினோரு மணிவரை அவன் நேரம்.

பத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பு சங்கு ஊதியது.

ஆள் கணக்கு குறைகிறது. எங்கோ ஒரு தலை கூடவில்லை. சங்கு ஊதினால் எல்லாக் கதவும் அடைபட வேண்டும். யாரும் எங்கிருந்தும் நகரக் கூடாது. வார்டர் எட்டிப் பார்த்து, “அப்படியே இரு,” என்றார். கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. இஸ்திரி எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்; ‘சரி’ சொல்ல ஆளில்லை, சத்தம் அடங்கியதும் உட்கார்ந்தான்.

பத்தேகால். பத்தரை. நடைபாதையின் அந்தக் கோடியில் ஒரு பிள்ளை அழுவது கேட்டது. தன் பிள்ளையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு முறை வீறிட்டதைத் தவிர தன் பிள்ளையின் அழுகையைக் கேட்டறியாதவனுக்கு அது எப்படித் தெரியும்? அழுகை நின்றது. போய்விட்டார்களோ? கால் மரத்துப்போயிற்று. நர்ஸ் மாதிரிக் கண்ணை மூடிப் பார்த்தான். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ‘அவ பயப்படாம இருக்கணும்’ என்று மட்டும் வந்தது. தனக்காகக் கேட்க நினைத்துத் தொடங்கியது அவளுக்கானதாக முடிந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை. மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் கவனித்திருப்பார்.

கடைசியில் அந்த ஒரு தலை சமையல்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடைத்தது. தூங்கிக்கொண்டிருந்தது.

பத்து முப்பத்தெட்டு. தாழ்ப்பாள் இழுபட்டது.

அடுத்த நொடியில் இஸ்திரியின் கண்முன் இருந்தது சுவர். சுண்ணாம்பு உரிந்த ஓர் இடம், அதன் கீழே பழைய பச்சை வண்ணம். கைகள் பின்னால் கட்டியிருந்தன. பத்து வாரம் பழகியதெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கதவு திறக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பு, திரும்பு என்று மனசு அடித்துக்கொண்டது. ‘சரி’ வராமல் திரும்பினால் புள்ளி. சந்திப்பு அங்கேயே ரத்து. சடாரென்று திரும்பினாலோ பிள்ளை மிரளுவாள். கண்ணாடி இல்லாத முதல் சந்திப்பில் தன் மகளுக்கு அவன் காட்டிக்கொண்டிருந்தது முதுகு. வார்டர் ‘சரி’ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

குட்டிச் செருப்புகள் தரையில் டப் டப் என்று ஓடின. மேசை ஒருமுறை அசைந்தது. பிறகு அமைதி.

“எண்ணு,” என்றது ஒரு குரல், தரைமட்டத்திலிருந்து.

அவனுக்குப் புரியவில்லை.

“எண்ணூ! சத்தமா!”

“ஒளிஞ்சிருக்கா,” என்றாள் மனைவி. “கண்ணாமூச்சின்னு நெனச்சிருக்கா. நீ எண்ணு.”

தினம் நான்கு முறை யாராவது அவனை எண்ணுவார்கள். அவன் எண்ணி எத்தனை காலம் ஆயிற்று! உரிந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே எண்ணினான். “ஒண்ணு… ரெண்டு…” நாலில் குரல் உடைந்தது. “அஞ்சு” என்று மேசைக்கு அடியிலிருந்து உதவி வந்தது.

“பத்து. வரட்டுமா?”

“வா!”

“சரி,” என்றார் வார்டர், யாரையும் பார்க்காமல். அவர் இடுப்பில் சாவிக்கொத்து ஒரு பெரிய கைக்குட்டையில் இறுக்கிக் கட்டப்பட்டு, சத்தமில்லாமல் தொங்கியது. அதில் முடிச்சுமேல் முடிச்சாக மூன்று முடிச்சு.

மேசைக்குக் கீழே சிவப்புச் செருப்பு இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. கையை விட்டால் எட்டும் தூரம். இஸ்திரி தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கைகளை முன்னால் விரித்தான். “பாப்பாவக் காணோமே,” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தான். மனைவி கதவோரம் பையை மார்போடு அணைத்து நின்றாள். கடிகார முள் ஒன்று, இரண்டு, மூன்று நிமிஷம் நகர்ந்தது. ஒவ்வொன்றும் அவனுடைய நிமிஷம். கூப்பிட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

ஒரு தலை வெளியே வந்தது. பிறகு ஒரு கை. அது அவன் வலது கையைப் புரட்டி, தழும்பைத் தொட்டது.

“இது என்ன?”

“சுட்டுடுச்சு.”

“அழுதியா?”

“கொஞ்சூண்டு.”

அவள் அந்தப் படகுத் தழும்பின் மேல் குனிந்து ஊதினாள். எச்சில் தெறித்தது. பிறகு நிமிர்ந்து, “நீ யாரு?” என்றாள்.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் உன் அப்பா.”

“இல்ல. அப்பா வீட்ல இருக்காங்க.”

பழைய சூடு ஒன்று அவன் மார்பில் கிளம்பிக் கழுத்துவரை ஏறியது. கண்ணாடியைக் குத்தவைத்த சூடு. யார் வீட்டில், யாரை, யார் அப்பா என்பது? அவள் விரல் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கையை மூடாமல் வைத்திருப்பதுதான் அப்போது அவனால் செய்ய முடிந்த பெரிய காரியம்.

“ஆமா, அவங்க வீட்ல இருக்காங்க,” என்றான். “நல்லாப் பாத்துக்கிறாங்களா?”

“ம். தோள்ல தூக்குவாங்க.”

“நல்லது. அவங்க வீட்ல இருக்காங்க. நான் இங்க இருக்கேன்.”

அவள் யோசித்தாள். “ரெண்டு அப்பாவா?”

“ம்.”

“சரி. நீ எண்ணுற அப்பா.” தீர்ப்பு சொன்ன கையோடு பென்சில் டப்பாவை அவன் மடியில் கவிழ்த்தாள். “இப்போ நீ ஒளி.”

ஜன்னல் பக்கம் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஒளிய இடமில்லாத அந்த அறையில் இஸ்திரி பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தான். முழு உடம்பும் வெளியே தெரிய, பாப்பா மூன்று முறை தேடிக் கண்டுபிடித்தாள்.

பதினொன்று அடிக்கப்போகிற நேரம். வெளியே போகிறவர்களுக்காக நடைபாதைக் கோடியில் வேறொரு வார்டர் பெரிய கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

இஸ்திரியின் முதுகு விறைத்தது. எழுந்தும்விட்டான். அப்போதுதான் பார்த்தான்: அவனுக்கு முன்பே பாப்பா சுவருக்குப் போயிருந்தாள். உரிந்த சுண்ணாம்புக்கு நேரே, கால் சேர்த்து, இரண்டு கையையும் பின்னால் கட்டி, தலை குனிந்து நின்றிருந்தாள். அப்படியே அவன் நின்றதைப் போல. அச்சு அசல்.



அவன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. இரண்டே எட்டில் போய், அவள் பக்கத்தில் மண்டியிட்டு, பின்னால் கட்டியிருந்த அந்தக் குட்டிக் கைகளைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தான். மெல்ல அவளைக் கதவுப்பக்கம் திருப்பினான்.

“நீ இப்படி நிக்க வேண்டாம், பாப்பா.”

“நீ நின்னியே?”

“அது நான் செஞ்ச தப்புக்கு. நீ ஒண்ணும் பண்ணல. நீ கதவப் பாத்து நிக்கணும். திறந்ததும் அம்மா கையப் பிடிச்சிட்டு ஓடணும்.”

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் வார்டர் நின்றார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டும் சுவர்ப்பக்கம் திரும்பாத கைதியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நடத்தைப் புத்தகம் அவர் அக்குளில் இருந்தது, சட்டைப்பையில் பேனா. பேனா அந்தப் பையிலிருந்து வெளியே வந்தால் இந்த ஒரு சந்திப்போடு எல்லாம் முடிந்தது. மனைவிக்கும் அது தெரிந்திருந்தது. அவள் பையின் வாரைப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது. இஸ்திரி எழவில்லை. மகளின் இரண்டு கையையும் விடவும் இல்லை.

வார்டர் தொண்டையைச் செருமினார். புத்தகத்தை மறு அக்குளுக்கு மாற்றினார். பிறகு, ஏதோ சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி, நிதானமாக அந்தப் பக்கம் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐ! இப்போ மாமா முறை!” என்று கத்தினாள் பாப்பா. “மாமா, எண்ணு!”



“ஒண்ணு,” என்றார் சாவிக்கொத்து, விதிமுறைத் தாளைப் பார்த்து. “ரெண்டு.”

பாப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அம்மாவிடம் ஓடினாள். பாதியில் திரும்பி வந்து, இஸ்திரியின் புறங்கையில் இன்னொரு தரம் ஊதிவிட்டு, மறுபடி ஓடினாள்.

“நாலு… அஞ்சு…”

மனைவி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசற்படி தாண்டும்போது நின்றாள். அக்கா, மாற்றல், ரயில் எதையும் அவள் பேசவில்லை.

“அடுத்த மாசம் அவளுக்கு இந்தச் செருப்பு வேண்டாம்,” என்றாள். “டப் டப்புன்னு சத்தம் போட்டு, ஒளிஞ்ச இடத்தக் காட்டிக் குடுத்துடுது. சாக்ஸ் போட்டுக் கூட்டிட்டு வரேன்.”

அவன் தலையை ஆட்டினான்.

வார்டர் ஏழுக்குப் பிறகு மிக மெதுவாக எண்ணினார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நடைபாதையின் கோடிவரை அந்தச் சிவப்புச் செருப்புகளின் உரிமைக்காரி அம்மா தோள்மேலிருந்து கை ஆட்டிக்கொண்டே போனாள். பெரிய கதவு மூடி, சத்தம் ஓய்ந்த பிறகுதான் பத்து வந்தது.

அவர் திரும்பினார். இடுப்பிலிருந்த கைக்குட்டையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாவிகள் மறுபடி கிலுங்கின. மண்டியிட்டபடியே இருந்த இஸ்திரியை ஒருமுறை பார்த்தார்.

“சரி,” என்றார்.